மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏ.ஆர். பயிற்சி: நீலகிரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கும், வீட்டுக்கு வந்து வேலை செய்யும் ஹோம் நர்ஸ்களுக்கும் வகுப்பு எடுக்கிறோம். அதில் சில காலமாக ஆக்மென்டட் ரியாலிட்டியையும், சுருக்கமாக ஏ.ஆர்., ஒரு கருவியாகச் சேர்த்திருக்கிறோம். வகுப்புக்கு வந்தவர்களும் வரலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும், சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

ஏ.ஆர். என்றால் என்ன? பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு உலகத்துக்குப் போவார்களே, அதுவா?

அது வி.ஆர்., அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி. அதில் கண்ணை முழுக்க மூடிவிட்டு வேறொரு இடத்தைக் காட்டுவார்கள். ஏ.ஆர். நீங்கள் நிற்கும் இடத்தையே காட்டும், அதன்மேல் அங்கே இல்லாத ஒன்றைச் சேர்த்து வைக்கும். 2016இல் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போக்கிமான் பிடித்தது நினைவிருக்கும். அது ஏ.ஆர். விளையாட்டுதான். கேமரா உங்கள் தரை, மேசை, சுவர் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்கிறது. போனுக்குள் உள்ள உணரிகள் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், எவ்வளவு நகர்கிறீர்கள் என்று கணக்குப் போடுகின்றன. அதனால் நீங்கள் சுற்றி வந்தாலும் திரையில் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே நிற்கும்.

இது ஆரம்பத்தில் விளையாட்டுக்காக வந்ததும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில், விமானத்துக்குள் ஓடும் ஏராளமான வயர்களை எது எங்கே போகிறது என்று தொழிலாளர்களுக்குக் கண் முன்னாலேயே காட்டுவதற்காக யோசித்த விஷயம் இது. வேலை கற்றுக்கொடுப்பதுதான் இதன் பிறவிக்குணம்.

இதற்கும் எங்கள் மாமியாரைக் குளிக்க வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

டிமென்ஷியா என்றாலே ஞாபகம் போவது என்று நினைக்கிறோம். ஞாபகத்தோடு பார்வையும் மாறுகிறது. கண் டாக்டரிடம் போனால் கண் நன்றாக இருக்கிறது என்பார். ஆனால் கண் அனுப்புவதை மூளை புரிந்துகொள்ளும் விதம் கெட்டுப்போயிருக்கும். மேடு பள்ளம் பிடிபடாது. ஒரே சாயலில் இருக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். குளியலறை வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி அவருக்குக் குழியாகத் தெரியலாம். “வாங்க அத்தை, கால் வைங்க” என்று நீங்கள் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள். குழிக்குள் தள்ளுகிறாள் என்று அவர் அலறுகிறார். கடைசியில் அவருக்குப் பிடிவாதக்காரி என்று பெயர், உங்களுக்குக் கொடுமைக்காரி என்று பெயர்.

அதே மிதியடியின்மேல் ஏ.ஆர். மூலம் ஒரு குழியை வைத்துக் காட்டினால், மருமகளின் கால் தானாகவே பின்வாங்குகிறது. மிதியடியை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை.

2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்த்துக்கொள்வது மனைவி, மகள், மருமகள்தான். யாரும் இவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாய்ப்பேச்சில் சொன்னால் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய்ப் பழையபடியே செய்வார்கள். கண்ணால் பார்த்தால் கொஞ்சம் ஒட்டுகிறது.

வகுப்பில் என்னதான் காட்டுவீர்கள்?

முதலில் தரை. இப்போது மலையிலும் எல்லோரும் பளபளக்கும் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தால் சிலருக்குத் தண்ணீர் தேங்கியிருப்பது போலத் தெரியும். உங்கள் வரவேற்பறைத் தரையின்மேல் போனில் தண்ணீரைப் பரப்பிக் காட்டுவோம். அப்பா ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடக்கிறார் என்று அப்போது புரியும்.

அடுத்தது தட்டு. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் வைத்துவிட்டு, நிற வேறுபாட்டைக் குறைக்கும் ஃபில்டர் வழியாகப் பார்க்கச் சொல்வோம். சாதம் காணாமல் போய்விடும். “சாப்பாடே போடலைன்னு ஊரெல்லாம் சொல்றாங்க” என்று அழுத ஒரு மகள், சிவப்புத் தட்டு வாங்கிய பிறகு இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நோய் இல்லாதவர்களுக்கே இந்த நிலை. நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் வீட்டுக்குள் சாயங்காலம் ஆகிவிடும். மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலை நேரத்தில் பதற்றம் கூடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே அது சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. கரண்ட் பில்லைப் பார்க்காமல் லைட்டைப் போடுங்கள் என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள்கூட, அந்த ஃபில்டரில் தங்கள் ஹாலைப் பார்த்த பிறகு எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டுகிறார்கள்.

கடைசியாக, இல்லாத ஆள். லூயி பாடி டிமென்ஷியா என்று ஒரு வகை உண்டு. அதில் பிள்ளைகள், அந்நியர்கள், பூனை, நாய் எல்லாம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அல்சைமரிலும் சிலருக்கு இது வரும். ஏ.ஆர்.க்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்பது என் எண்ணம். ஒருவர் கையில் போன் இருக்கும். திரையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கும். மற்றவர்களுக்கு அது தெரியாது. “அங்கே ஒண்ணும் இல்லை, சும்மா உளறாதீங்க” என்று சுற்றி இருப்பவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வோம். கொஞ்ச நேரத்திலேயே போன் வைத்திருப்பவர் குரல் உயரும். விளையாட்டு என்று தெரிந்தும் கோபம் வருகிறது. தினமும் நிஜமாகவே பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்?

பதில் சொல்லும் விதத்தை அப்புறம்தான் பழக்குவோம். இருக்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம், இல்லை என்று மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். “எனக்குத் தெரியலைங்க. பயமா இருக்கா? நான் இங்கேயேதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு லைட்டைப் போடுங்கள். ஆணியில் தொங்கும் ஸ்வெட்டரும் குல்லாவும்தான் ஆள் நிற்பது போலத் தெரிந்திருக்கலாம். எடுத்து மடித்து வையுங்கள்.

அப்படியானால் அந்த நோய் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன். பத்து நிமிடம் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு “அம்மா படுற கஷ்டம் முழுசாப் புரிஞ்சுது” என்று யாராவது சொன்னால் வகுப்பு சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிவதைக் காட்டலாம். சொந்தப் பெண்ணின் பெயர் நாக்கில் வராமல் நிற்பதைக் காட்ட முடியாது. நீங்கள் எந்த நொடியிலும் போனைக் கீழே வைத்துவிடலாம், அவர்களால் முடியாது. இந்தக் கருவியின் வேலை சின்னது: வீட்டில் எதை மாற்றலாம், வாயில் எந்தச் சொல்லை மாற்றலாம் என்று பார்க்க வைப்பது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட காட்சிகள் சிலருக்குப் பயத்தையும் பரிதாபத்தையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடும். பரிதாபப்படுகிறவர்கள் பாட்டி கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கித் தாங்களே ஊட்ட ஆரம்பிப்பார்கள். பாட்டிக்கு இன்னும் தானே சாப்பிடத் தெரியும்.

வெளிநாட்டில் இதைச் செய்கிறார்களா?

நோயாளியின் இடத்தில் நின்று பார்க்க வைக்கும் பயிற்சிகளுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. அமெரிக்காவில் விர்ச்சுவல் டிமென்ஷியா டூர் என்ற ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மங்கலான கண்ணாடி, தடித்த கையுறை, காலுக்கு உறுத்தும் அட்டை, காதில் இரைச்சல், இவ்வளவுதான் சாமான். அதை மாட்டிவிட்டு, சட்டையை மடி, மேசையை ஒழுங்கு செய் என்று சின்னச் சின்ன வேலை கொடுப்பார்கள். 2016இல் அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே என்ற பிரிட்டன் அமைப்பு, அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் போனைச் செருகிப் பார்க்கும் செயலி ஒன்றை வெளியிட்டது. கடையிலும் தெருவிலும் வீட்டிலும் நோயாளி தடுமாறும் காட்சிகள் அதில் வரும். டிமென்ஷியா ஆஸ்திரேலியா அமைப்பு ‘எடி’ என்ற பெயரில் பராமரிப்பாளர்களுக்கு வி.ஆர். பட்டறை நடத்துகிறது.

இவை பெரும்பாலும் வி.ஆர். பக்கம். ஏ.ஆர். வகையில், மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியை வைத்து, நிஜ அறையில் நிஜக் கட்டிலுக்குப் பக்கத்தில் கற்பனை நோயாளியை நிறுத்தி நர்சிங், மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியின் தயாரிப்பை நிறுவனம் 2024இல் நிறுத்திவிட்டது. விலை உயர்ந்த ஒரே கருவியை நம்பிப் பாடம் அமைத்தால் வரும் சிக்கல் இது. நாங்கள் போனோடு நின்றுகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பணம் இல்லாததுதான் முதல் காரணம்.

ஆஸ்திரேலியாவின் சமையலறையைப் பார்ப்பதில் நமக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்வியும் இருக்கிறது. நம் வீட்டுத் தரை, நம் வீட்டு வாசல்படி, நம் வீட்டு இருட்டு, இவற்றின்மேலேயே காட்ட முடிவதால்தான் ஏ.ஆர். எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்கே அதைக் காட்டலாமா? கொஞ்சம் விளையாட்டாக இருக்குமே?

வேண்டாம். எது நிஜம் எது பொய் என்று பிரிக்கவே திணறுகிறவருக்கு, நிஜத்தின்மேல் பொய்யை வைத்துக் காட்டக் கூடாது. பயிற்சி உங்களுக்கு. முடிந்தால் அம்மா தூங்கும் நேரத்திலோ வேறு அறையில் இருக்கும்போதோ செய்யுங்கள்.

சாதாரணப் போன் போதுமா?

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஏஆர்கோர் வேலை செய்யும் மாடலாக இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் சிலவற்றில் அது வராது. ப்ளே ஸ்டோரில் ‘கூகுள் ப்ளே சர்வீசஸ் ஃபார் ஏஆர்’ என்பதைத் தேடினால் உங்கள் போனில் ஓடுமா என்று அதுவே சொல்லிவிடும். ஓடவில்லை என்றாலும் கவலை இல்லை, வகுப்பில் நாங்கள் கொண்டுவரும் போன்களைப் பயன்படுத்தலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் வரலாம்.

மலையில் சிக்னலே கிடைப்பதில்லை. எப்படி?

காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் சிக்னல் பெரிய தலைவலி இல்லை. வெளிச்சம்தான் தலைவலி. கேமரா ஒரு பரப்பை அடையாளம் காண அதில் கோடோ கறையோ பூவோ ஏதாவது தெரிய வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரிலும் மங்கிய அறையிலும் வைத்த பொருள் மிதந்துகொண்டே போகும். பழைய சிமென்ட் தரை இதற்கு அருமையாக ஒத்துழைக்கிறது. பனி மூடிய நாளில் வெளி வாசலில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், போன் சுடும். சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

நாங்கள் எஸ்டேட் லயன் வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறைதான். இது எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும். இடம் குறைவாக இருந்தால் பார்க்க வேண்டியதும் குறைவு. லயன் வீடுகளில் எங்களுக்குக் கவலை தருவது இரவில் கக்கூஸுக்குப் போகும் வழி. பல இடங்களில் அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்து, வாசல்படி தாண்டி, இரண்டு மூன்று படி இறங்கி, ஈரத் தரையில் நடந்து போக வேண்டும். பக்கவாட்டுப் பார்வையைக் குறுக்கிக் காட்டும் ஃபில்டரைப் போட்டுக்கொண்டு அந்த வழியைப் பராமரிப்பவர் ஒரு முறை பார்க்க வேண்டும். பகலில் செய்யுங்கள். ஒருவர் போனைப் பார்த்தால் இன்னொருவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படியில் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கக் கூடாது, படிக்கு மேலேயே நின்று பார்த்தால் போதும்.

பார்த்துவிட்டு என்ன செய்வது? படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு. வழியில் அணையாத ஒரு சின்ன பல்ப். ராத்திரிக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி. மூன்றில் கடைசியைத்தான் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வற்புறுத்தாமல் கொஞ்ச நாள் சும்மா அங்கேயே இருக்கட்டும்.

கரி அடுப்பு வைத்துத்தான் குளிர் காய்கிறோம். அதில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காக மட்டுமே ஒரு வகுப்பு நடத்தலாம். கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, காலையில் எழாமல் போனவர்களைப் பற்றி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிக் கங்கு மட்டும் கனியும்போது இனி ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். அப்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். மறதி நோய் உள்ளவர் தலைவலிக்கிறது, மயக்கமாக இருக்கிறது என்று சொல்லவும் மாட்டார், எழுந்து கதவைத் திறக்கவும் மாட்டார்.

கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது ஏ.ஆர்.க்குக் கைவந்த கலை. அடுப்பு வைக்கும் மூலையிலிருந்து சாம்பல் நிறப் புகை எழும்பிக் கட்டிலைச் சூழ்ந்து அறையை நிறைப்பதாகக் காட்டுவோம். ஜன்னலைத் திறந்தால் அது கலைவதையும் காட்டுவோம். நிஜ வாயு இப்படித் தெரியாது, இது புரிவதற்காகப் போட்ட படம் என்பதையும் சொல்லிவிடுவோம். ஆண்கள் அதிகம் பேசாமல் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

படுக்கும் முன் அடுப்பு வெளியே போய்விட வேண்டும். சுடுதண்ணீர்ப் பை, கம்பளி, கால்உறை போதும். இன்னொன்று: குளிருக்காகக் கதவைத் தாழிட்டு வைக்கும் வீட்டில், தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போய்விடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடி வரும். கதவில் ஒரு மணியைக் கட்டிவிடுங்கள், திறந்தால் சத்தம் கேட்கும். வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவர் உள்ளே மாட்டிக்கொள்வார்.

பாட்டி விடியற்காலையில் எழுந்து “பெரட்டுக்கு நேரமாச்சு” என்று கிளம்புகிறார். என்ன பதில் சொல்வது?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் இது அடிக்கடி வருகிறது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்து டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களில், வரும்போது இளம்பெண்ணாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கிட்டத்து ஞாபகம் முதலில் உதிரும், பழையது கடைசிவரை நிற்கும். அதனால் அவர் இருப்பது பந்தலூரில் என்றாலும் மனசு அந்தக் காலத்துத் தோட்டத்தில், கங்காணி பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கிறது. பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

வகுப்பில் இதற்கு ஒரு காட்சி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு நாற்காலியில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பதாகத் திரையில் தெரியும். “கூடையை எங்கே வெச்சே? நேரமாச்சு” என்பார். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் முறை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: “நீங்க வேலையை விட்டு இருபது வருஷமாச்சு அம்மாயி.” உண்மைதான். ஆனால் அம்மாயிக்கு அது இப்போதுதான் கேட்ட புதுச் செய்தி. வேலை போய்விட்டது என்று காதில் விழுந்தால் பதற்றம் கூடும்.

எங்களுக்குச் சரியாக வருவது இந்த மாதிரி: “கூடை பத்திரமா இருக்குங்க அம்மாயி. வெளியே ரொம்பக் குளிருது, டீ குடிச்சிட்டுப் பேசலாம். அப்பல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுப்பீங்க?” பொய்யும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. கேள்வி அவருக்குப் பதில் தெரிந்த இடத்துக்குப் போய்விட்டது. கையில் ஒரு சின்னக் கூடையும் கொஞ்சம் பட்டாணிக் காயும் கொடுத்தால் இன்னும் நல்லது. உரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

திரையில் இருக்கும் பாட்டி நீங்கள் எப்படிப் பேசினாலும் கோபித்துக்கொள்ளமாட்டார், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்பார். நிஜப் பாட்டியிடம் பழகிப் பார்க்க முடியாததை இவரிடம் பழகிப் பார்க்கலாம். பேச்சு செயற்கையாக இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். இருக்கிறதுதான். அதனால் வகுப்பின் இரண்டாவது பாதியில் போனை வைத்துவிட்டு ஒருவருக்கொருவர் நடித்துப் பார்க்கிறோம். பெண்கள் தங்கள் மாமியாரை நடித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டும், எந்தச் செயலியும் அவர்களிடம் நிற்க முடியாது.

அப்பா இப்போது படுகர்களின் மொழியான படுகு மட்டும்தான் பேசுகிறார். ஹோம் நர்ஸுக்குத் தமிழ்தான் தெரியும்.

பின்னால் கற்ற மொழி முன்னால் போய்விடுவது இந்த நோயில் நடக்கும். தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், குளிர் போன்ற அன்றாடச் சொற்களை வீட்டுக்காரர் யாராவது படுகில் பேசிப் பதிவு செய்யுங்கள். அந்தந்தப் பொருளின்மேல் போனைக் காட்டினால் அந்தச் சொல் ஒலிக்கும்படி வைத்துத் தரலாம். சொம்பைக் காட்டினால் சொம்புக்கான சொல். நர்ஸ் சில வாரங்களில் போன் இல்லாமலேயே பேசிவிடுவார். சுவரில் தமிழில் எழுதி ஒட்டினாலும் இதே வேலை நடக்கும், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் சிரிப்பு மூட்டும்.

குளிக்கவே மாட்டேன் என்கிறார்.

குன்னூர் குளிரில் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்துவிடலாம், வாரத்துக்கு இரண்டு முறை குளித்தால் போதும். குளியலறையை முதலிலேயே கதகதப்பாக்கி, துண்டைச் சூடாக வைத்து, காலிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தலையில் எடுத்தவுடனே ஊற்றுவதுதான் பல வீடுகளில் சண்டையை ஆரம்பிக்கிறது. ஏ.ஆர்.இல் பார்க்க வேண்டியது கண்ணாடி மட்டும்: குளியலறைக் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். துணி மாற்றும்போது வேற்றாள் நின்று பார்ப்பதாக நினைத்தால் யார்தான் குளிப்பார்? ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள்.

தலை சுற்றுமா?

சுற்றி இருப்பதெல்லாம் கண்ணில் தெரிவதால் வி.ஆர். அளவுக்குச் சுற்றாது. சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆண்கள் வருகிறார்களா?

குறைவு. செயலியை இறக்கித் தர மட்டும் வருகிறார்கள்.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா, அல்லது புதுச் சாமான் என்பதால் செய்கிறீர்களா?

இப்படி நோயாளியின் கண்ணால் பார்க்க வைக்கும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளில், பயிற்சி முடிந்த கையோடு புரிதலும் பரிவும் கூடுவதாகத் தெரிகிறது. அந்த மாற்றம் நிலைக்கிறது, நோயாளிக்கு நன்மையாக முடிகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள்.

சான்று உள்ளது வேறு இடத்தில். கோவாவில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நோயைப் பற்றி விளக்கி, தொந்தரவுகளைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்து, பராமரிப்பவரின் மனக்குறையையும் கேட்டார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டதாக 2008இல் முடிவு வெளியானது. பிரிட்டனில் ‘ஸ்டார்ட்’ என்ற பயிற்சி உண்டு. எட்டு அமர்வுகள், ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து பேசுவதுதான். பராமரிப்பவர்களின் மனச்சோர்வு குறைந்தது ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் நீடித்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டிலும் கேமராவும் இல்லை, திரையும் இல்லை.

அதனால் ஏ.ஆர்.ஐ நாங்கள் ஊறுகாய் அளவுக்குத்தான் வைத்திருக்கிறோம். ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து நிமிடம். மீதி நேரம் பேச்சு. ஏ.ஆர். மட்டும் இருந்தால் போதும், ஆள் தேவையில்லை என்று யாராவது உங்களிடம் ஏதாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

போனில் எங்கள் வீட்டையெல்லாம் வீடியோ எடுக்கிறீர்களா?

கேமரா இயங்கும், ஆனால் பதிவு செய்வதில்லை. வேறு எங்காவது இப்படிப் பயிற்சிக்குப் போனால், செயலி படத்தை எங்காவது அனுப்புகிறதா, சேமிக்கிறதா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைச் சொல்கிறது. பெரியவர் குளிப்பதையும் துணி மாற்றுவதையும் குழம்பி அழுவதையும் யாரும் எதற்காகவும் படம் எடுக்கக் கூடாது. குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு அனுப்ப எடுக்கும் மகன்களும் இதில் அடக்கம்.

போன் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா?

பெரும்பகுதி செய்யலாம். பழைய மூக்குக்கண்ணாடியில் மஞ்சள் செல்லோஃபேன் தாளை ஒட்டி, நடுவில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கையில் தோட்ட வேலைக் கையுறை. ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத இரைச்சல். இதையெல்லாம் வைத்துக்கொண்டு சட்டைப் பட்டனைப் போடுங்கள், மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுங்கள், பக்கத்தில் ஒருவர் “சீக்கிரம், சீக்கிரம்” என்று சொல்லட்டும். இல்லாத குழந்தையையும் அடுப்புப் புகையையும் மட்டும் இதில் காட்ட முடியாது.

வகுப்பு முடிந்தால் சான்றிதழ் உண்டா?

கிடையாது. ஹோம் நர்ஸ்கள் இதை வைத்து வேலை கேட்க முடியாது.

நோய் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எங்கே காட்டுவது?

முதலில் டாக்டர், அப்புறம்தான் எங்கள் வகுப்பு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி நோய் போலவே வேஷம் போடும். அவற்றைச் சரிசெய்ய முடியும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மலை இறங்க முடிந்தவர்களுக்குக் கோவை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567. பார்த்துக்கொள்கிற உங்களுக்கே தூக்கம் போய், அழுகையாக வருகிறது என்றால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இன்று திடீரென்று ஆளே மாறிவிட்டார். எந்தப் பயிற்சி உதவும்?

எந்தப் பயிற்சியும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிமென்ஷியா மெதுவாக முற்றும் நோய். ஓரிரு நாளில் குழப்பம் அதிகமானால், தூங்கி வழிந்தால், இல்லாததெல்லாம் புதிதாகத் தெரிந்தால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புது மாத்திரை என்று ஏதாவது ஒன்று இருக்கும். குளிரில் தாகம் எடுக்காது என்பதால் இங்கே பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதே குறைவு. வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்பதை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.